பேத்தியோடு உட்கார்ந்து பார்க்கப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன வருஷம் மே மாதம் நடந்தது. பேத்தி சென்னையிலிருந்து லீவுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பாளையங்கோட்டை வெயிலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. "ஆச்சி, ஒரு படம் பாப்போமா?" என்று அவளாகவே வந்து கேட்டாள். பதிமூன்று வயதுப் பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு நம்மோடு உட்காரக் கேட்பதெல்லாம் லேசில் நடக்காது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் பிடித்திருந்த ஒரு படத்தைப் போட்டேன். பாட்டெல்லாம் மனப்பாடம். கதையும் ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் மழை பெய்தது. அப்புறம் ஒரு குடிசை வந்தது. மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பேத்தி தலையணை உறையில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போனவள் ஒரு குடம் தண்ணீரைக் குடித்து முடிக்கும் நேரம் கழித்துத்தான் திரும்பினாள். இத்தனைக்கும் அது ‘யு’ சான்றிதழ் வாங்கிய படம்.

அன்று ஒன்று புரிந்தது. அவள் பார்க்கத் தகுந்த படம் வேறு, என்னோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம் வேறு. அந்தக் காட்சியைத் தோழிகளோடு பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். பக்கத்தில் ஆச்சி இருந்ததுதான் சங்கடம். அதனால் இப்போதெல்லாம் நான் அந்தச் சோபாவுக்குத்தான் படம் தேடுகிறேன்.

சான்றிதழிலிருந்து தொடங்கலாம். அது முதல் சல்லடை, அவ்வளவுதான். தியேட்டருக்கு வரும் படங்களுக்குத் தணிக்கை வாரியம் முன்பு ‘யு’, ‘யு/ஏ’, ‘ஏ’ என்று கொடுத்துவந்தது. ‘யு/ஏ’ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் யோசித்துக் காட்ட வேண்டும் என்று அர்த்தம். 2024-இல் வந்த புது விதிகளில் அதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு இது நல்ல உதவி. 16+ என்று போட்டிருந்தால் நான் தனியாகப் பார்க்காமல் அவளுக்குப் போடுவதில்லை. ‘ஏ’ என்றால் பேச்சே கிடையாது, 18 ஆக வேண்டும். ஓடிடியில் கிட்டத்தட்ட இதே வயதுக் கணக்குத்தான், ஆனால் அங்கே அந்த நிறுவனங்களே மதிப்பிட்டுப் போட்டுக்கொள்கின்றன. படம் தொடங்கும்போது திரையின் மூலையில் வயதும், வன்முறை, கெட்ட வார்த்தை, புகைபிடித்தல் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் வந்து மறையும். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் போய்விடும்! ரிமோட்டில் நிறுத்திப் படியுங்கள்.

டிவியில் பார்த்த நம்பிக்கையில் ஒரு படத்தை ஓடிடியில் போடாதீர்கள். டிவிக்கு வெட்டிக் கொடுத்திருப்பார்கள், இங்கே முழுசாக இருக்கும்.

பழைய படம் என்றால் சுத்தமாக இருக்கும் என்பது நம் தலைமுறையின் மூடநம்பிக்கை. நானும் நம்பியவள்தான். குடிசைக் காட்சியைக்கூட விட்டுவிடலாம். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைப் படம் முழுக்கத் துரத்துவது, ஓர் அறை விட்டதும் அவள் திருந்திப் புடவை கட்டிக்கொண்டு வருவது, கறுப்பான பெண்ணைக் காட்டினாலே தியேட்டர் சிரிப்பது, இதெல்லாம் அந்தக் காலத்தில் ‘யு’தான். ஒரு படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது பேத்தி திரும்பி, "இது காமெடியா ஆச்சி?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே முன்கூட்டியே தனியாக ஒருமுறை பாருங்கள். முழுப் படமும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் பத்து பத்து நிமிடமாகத் தள்ளித் தள்ளிப் பாருங்கள், பாட்டை மட்டும் தள்ளாதீர்கள். சங்கடம் பெரும்பாலும் பாட்டில்தான் ஒளிந்திருக்கும். சினிமா விவரங்களைத் தொகுத்துத் தரும் ஐஎம்டிபி இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோருக்கான பகுதி ஒன்று உண்டு. பாலுறவு, வன்முறை, வசைச்சொல், போதை, பயமுறுத்தும் காட்சி எனத் தனித்தனித் தலைப்பில், படம் பார்த்தவர்கள் எழுதியிருப்பார்கள். ஆங்கிலப் படங்களுக்கு நன்றாக உதவும். தமிழ்ப் படங்களுக்குப் பல சமயம் காலியாகக் கிடக்கும். அப்போது பிள்ளையின் அம்மாவைக் கேளுங்கள். எப்படியும் கேட்கத்தான் வேண்டும். வீட்டில் வேண்டாம் என்று சொன்ன படத்தை ஆச்சி வீட்டில் போட்டால், ரயிலேறிப் போன பிறகு நமக்குத்தான் போன் வரும்.

இன்னொரு விஷயத்தை எந்தத் தளமும் சொல்லாது. உங்கள் பிள்ளைக்கு எது தாங்காது என்பது. என் பேத்தி ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாள், நாய்க்கு அடிபட்டால் இரவு தூங்க மாட்டாள். ஜப்பான் இயக்குநர் மியாசாகியின் டோட்டோரோ என்ற கார்ட்டூன் படத்தை எல்லாரும் சின்னப் பிள்ளைகளுக்கானது என்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அதில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கும் சமயம் அதைப் போட வேண்டாம்.

நீளத்தையும் பாருங்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் இடைவேளையோடு நிறுத்தி மறுநாள் தொடருங்கள். எங்கள் வீட்டில் அரை மணி நேர ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதற்குள் யாருக்குப் பிடிக்காவிட்டாலும் காரணம் கேட்காமல் நிறுத்தலாம். நான் எடுத்த படங்களில் இரண்டை அவள் நிறுத்தினாள், அவள் எடுத்ததில் ஒன்றை நான் நிறுத்தினேன். ஒரே சத்தம், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

பழைய நகைச்சுவைப் படம் எடுபடுமா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் போட்டேன். போனில் ஒரு கண்ணை வைத்திருந்தவள் பாலையா முகம் மாறும் இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மாலையே முழுப் படமும் பார்த்தோம்.

‘அந்த நாள்’ 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்தது. "கறுப்பு வெள்ளையா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பாட்டே கிடையாது, முதல் காட்சியிலேயே சிவாஜியைச் சுட்டுவிடுவார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதியில் நிறுத்தி, சுட்டது யார் என்று சீட்டில் எழுதி மடித்து வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே பார்த்தவள் என்பதால் எனக்குச் சீட்டு கிடையாது. மூன்று முறை சீட்டை மாற்றி எழுதினாள், மூன்றும் தப்பு.

ஈரான் நாட்டின் மஜித் மஜீதி எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் கதை. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை என்னால் வேகமாகப் படிக்க முடியாது. அவள் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் தங்கச்சியின் குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள். மொழி தெரியாத படம் இப்படி ஒரு லாபம் தரும் என்று நான் நினைக்கவில்லை.

கஷ்டமான படங்களை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், தள்ளிப் போடுங்கள். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை, எங்கள் பேச்சு. போன வருஷமே கேட்டாள். தனியாகப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். தொடக்கத்திலேயே அந்தக் கறுப்பி நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுவிடுவார்கள். அவளுக்குச் சொன்ன காரணம் அதுதான். சாதியைப் பற்றி அவள் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் தயாராக இல்லை என்பது அவளிடம் சொல்லாத காரணம்.

இந்த மே மாதம் பதினான்கு வயதில் பார்த்தாள். நாய் விஷயத்தை முன்பே சொல்லிவிட்டேன், அந்த நிமிடம் மட்டும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு டீ கிளாஸைக் காட்டுவார்கள். படம் முடிந்தும் டிவியை அணைக்கவில்லை.

"ஆச்சி, ஒங்க வீட்லயும் ஆளுக்குத் தக்க தனி கிளாஸ் உண்டா?"

இருந்தது. எங்கள் அம்மா புழக்கடை மாடத்தில் ஓர் அலுமினிய டம்ளர் வைத்திருந்தாள். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அது. அதைக் கழுவி வைத்தவள் நான். சொன்னேன். அன்று பதினொன்றரை வரை தூங்கவில்லை, அவளும் நானும்.