தூமென் நகருக்குச் செல்வோர் கவனத்திற்கு

சீனாவின் ஜீலின் மாகாணத்தில், 1952-இல் அமைக்கப்பட்ட யான்பியான் கொரிய தன்னாட்சிப் பகுதியைச் சேர்ந்த தூமென் நகருக்குச் செல்பவர்கள், பயணச்சீட்டு எடுக்கும்போதே நிலையத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2015-இல் தொடங்கிய சாங்சுன்–ஹுன்சுன் அதிவேக ரயில் நிற்பது 'தூமென் வடக்கு' நிலையத்தில்; 'தூமென்' என்று மட்டும் குறிக்கப்படுவது பழைய நிலையம்.

நகரை ஒட்டி ஓடும் தூமென் ஆற்றின் மறுகரையில் வட கொரியாவின் நம்யாங் ஊர் கண்ணுக்கு எதிரே தெரியும். அழகான காட்சிதான், ஆயினும் அது காவல் மிகுந்த எல்லை என்பதால், கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருங்கள், காவலர்களையும் சோதனைச் சாவடிகளையும் படமெடுக்காதீர்கள், எதிர்க்கரையில் இருப்பவர்களைக் கூவி அழைக்காதீர்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்து நடைபாதை போலவே தோன்றினாலும், பனிக்கட்டியின் மேல் ஒரு காலடி கூட வைக்கக் கூடாது.

பெயர்ப்பலகைகள் சீனம், கொரியம் ஆகிய இரு எழுத்துகளிலும் இருக்கும். கொரிய எழுத்துகளைப் புறப்படும் முன் கற்றுக்கொண்டால் (சில நாள் உழைப்பே போதும்) கடைப் பலகைகளையும் உணவுப் பட்டியலையும் எழுத்துக்கூட்டியாவது படிக்க முடியும். இங்குள்ள கொரியர்களில் பலர் ஆற்றின் மறுபுறம், இன்றைய வட கொரியாவில் உள்ள ஹம்க்யோங் வட்டாரத்திலிருந்து ஆற்றைக் கடந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்பதால், அவர்களது பேச்சு சியோல் வழக்கிலிருந்து வேறுபட்டு ஒலிக்கும். பசித்தால் குளிர்ந்த குழம்பில் பரிமாறப்படும் நெங்மியோன் நூடுல்ஸைக் கேளுங்கள். அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி சேரும் என்பதால், சைவ உணவினர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.