தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பப் பெயர்கள்: வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 நவம்பரில் குவஹாத்தி டெஸ்டில் இந்தியாவுக்கு எதிராகச் சதம் அடித்த செனுரன் முத்துசாமி டர்பனில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவுக்கு ஆடும் இன்னொரு சுழற்பந்து வீச்சாளர் பிரெனெலன் சுப்ராயன். இப்படி ஒரு பெயர் தொலைக்காட்சியில் ஓடினாலே "இவர் எந்த ஊர்க்காரராக இருப்பார்?" என்று நம்மில் பலருக்கும் தேடத் தோன்றுகிறது. அந்தப் பக்கமும் இதே தேடல்தான். கொள்ளுத்தாத்தா கப்பலேறிய ஊர் எது என்று டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் எத்தனையோ குடும்பங்கள் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன.

தேடுகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஏனென்றால், கப்பலேறியபோது நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். இவர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணினியில் தேடும்படியும் ஆக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நேராது. முதலில் ஓர் எண் இருக்கும். நேட்டால் அரசு ஒவ்வொருவருக்கும் கொடுத்த காலனி எண் அது. அப்புறம் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்ற விவரம். பெயர் என்ற இடத்தில் முனியம்மா, பெருமாள், சின்னசாமி என்று ஒற்றைச் சொல்தான். பிள்ளை, நாயுடு என்பவை பெரும்பாலும் அங்கே இருக்காது. ஆகவே அங்கே போய் "பிள்ளை" என்று தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா பெயர் பட்டியலிலேயே இல்லை" என்று கைவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். தேட வேண்டியது தாத்தாவின் சொந்தப் பெயரையும் அவருடைய அப்பாவின் பெயரையும். எல்லாவற்றையும்விட நல்லது அந்த எண். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அது மனிதரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் சொத்துக் கோப்பிலும் அடிக்கடி அதைப் பார்க்கலாம். பெயர் பத்து விதமாக மாறியிருக்கலாம், எண் மாறாது. வீட்டில் ஒரே ஒரு பழைய சான்றிதழ் இருந்தால்கூட முதலில் அதில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் குடும்பப் பெயர் எப்போது வந்தது? பிறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, நில வாங்கல் என்று ஆங்கிலேய அலுவலகங்களுக்குப் போகும்போதெல்லாம் "கடைசிப் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் சொன்னார்கள். சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள்: பிள்ளை, நாயுடு, முதலி, கவுண்டர், படையாட்சி, செட்டி, நாயக்கர், ரெட்டி. மற்றவர்கள் அப்பா பெயரைச் சொன்னார்கள்: முனிசாமி, பெருமாள், ராமசாமி, ஆறுமுகம், சுப்ரமணி. அப்பா பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுதான் நம் வழக்கம். அங்கே அது மாறாமல் அப்படியே உறைந்துவிட்டது. ஒரே வீட்டில் மூத்தவர் பட்டத்தைச் சொல்லிப் பதிந்திருப்பார், இளையவர் அப்பா பெயரைச் சொல்லியிருப்பார். இரண்டு தலைமுறைக்குப் பிறகு அவர்கள் இரண்டு வேறு குடும்பங்கள் மாதிரித் தெரிவார்கள். கடைசிப் பெயர் வேறு என்பதற்காக யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டல்

ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். தமிழ் தெரியாத எழுத்தர், ஆங்கிலம் தெரியாத கூலி. பெரும்பாலும் கைநாட்டு வைத்தவர்கள் என்பதால் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் 'உ' ஒலிக்கு இரட்டை ஓ போட்டார்கள். நாம் யு எழுத்தில் முடிக்கும் நாயுடு அங்கே இரட்டை ஓவில் முடிகிறது. பிள்ளைக்கு இங்கே கடைசியில் ஐ, அங்கே ஒய். முதலி என்பது எம் எழுத்துக்குப் பின் இரட்டை ஓ போட்டு 'மூட்லி' ஆயிற்று. முனிசாமி ஒரு வீட்டில் முன்சாமி, அடுத்த வீட்டில் மூன்சாமி. தொழிற்சங்கத் தலைவரும், நிறவெறி ஆட்சி தொடுத்த தேசத் துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருமான கே மூன்சாமியின் பெயர் இந்த இரட்டை ஓவில் வந்ததுதான்.

கவுண்டருக்கு நடந்தது இன்னும் விநோதம். தென்னாப்பிரிக்காவில் கோவெண்டர் என்றும் கவுண்டன் என்றும் இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் கவுண்டர் என்பதிலிருந்து வந்தவை என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பெயர்கள் மாதிரித் தெரியும்.

இதற்காகத்தான் பல வம்சாவளித் தளங்களில் ஒலியை வைத்துத் தேடும் முறையைக் கொடுத்திருக்கிறார்கள். சவுண்டெக்ஸ் என்று பெயர். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிர் எழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை அது. நாயுடுவின் இரண்டு வடிவங்களுக்கும் ஒரே குறியீடு வரும். பிள்ளைக்கும் அப்படியே. முன்சாமி, மூன்சாமி, முனிசாமி மூன்றும் ஒன்றாக விழும். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கோவெண்டருக்கும் கவுண்டனுக்கும் வெவ்வேறு குறியீடு. சின்னசாமியை ஒருவர் சி எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் எஸ் எழுத்தில் தொடங்குவார். முதல் எழுத்தே மாறிவிட்டதால் இந்த முறை அவர்களைச் சேர்க்கவே சேர்க்காது. செட்டிக்கும் இதே கதிதான். ஒரு தாளை எடுத்து, பெயரைத் தமிழ் தெரியாதவர் காதில் எப்படியெல்லாம் விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் நல்ல வழி. ச, த, ழ வரும் பெயர்களுக்கு இது கட்டாயம்.

நேட்டாலோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு தவறு. ஒரே ஊரிலிருந்து அண்ணன் நேட்டாலுக்கும் தம்பி மொரீஷியஸுக்கும் போயிருக்கலாம். பிரெஞ்சு ஆட்சி இருந்த இடங்களில் 'உ' ஒலிக்கு ஓவும் யுவும் சேர்த்து எழுதினார்கள். பிரெஞ்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் 'இஸட்' ஒலி வந்துவிடும் என்பதால் சாமிக்கு இரட்டை எஸ் போட்டார்கள். கரீபியத் தீவான குவாதலூப்பின் அரசியல்வாதி எர்னஸ்ட் முத்துசாமியின் பெயரும் கிரிக்கெட்டர் செனுரனின் பெயரும் நமக்கு ஒன்றுதான், ஆங்கிலத்தில் தேடினால் ஒன்று கிடைக்கும்போது மற்றது கிடைக்காது. இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியனின் அரசியல்வாதி ழான்-பால் விராபுல்லேயின் பெயரைத் தமிழ் காதால் கேளுங்கள், வீரப்பிள்ளை என்று கேட்கும். கயானாவில் வீரசாமி பெருமாள் என்ற வெஸ்ட் இண்டீஸ் சுழற்பந்து வீச்சாளர் இருக்கிறார். 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பமா?

இல்லை. நாயுடு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் முன்னின்ற தம்பி நாயுடு 1875இல் மொரீஷியஸில் பிறந்து பின்னர் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் பகுதிக்கு வந்தவர். அவர் நேட்டாலுக்கு வந்த கூலிக் கப்பலில் வந்தவர் இல்லை என்பதால் அந்தப் பட்டியலில் அவரைத் தேடிப் பயனில்லை. அவருடைய பேரன் இந்திரேஸ் நாயுடு ராபன் தீவில் 10 ஆண்டுகள் சிறை இருந்தவர். அது ஒரு குடும்பம். காஸாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் பொதுச் செயலாளராகவும் மண்டேலா அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்த ஜே நாயுடு டர்பனில் பிறந்தவர். கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பையும் பின்னர் ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பையும் வழிநடத்திய குமி நாயுடுவும் டர்பன்காரர். ஒரே ஊர், ஒரே பெயர், இருவருமே போராளிகள் என்றதும் அண்ணன் தம்பி என்று எழுதிவிடத் தோன்றும். அவர்கள் அண்ணன் தம்பி அல்ல.

பெண்களின் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். வழக்கறிஞரும் எழுத்தாளருமான பிலிஸ் நாயுடு, டேவிட் என்ற கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நாயுடு அவருக்குக் கணவர் வழியில் வந்த பெயர். ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளைக்கும் பிள்ளை என்பது மணவழிப் பெயர்தான். தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவரைப் பற்றித் தேடுபவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். அவரும் நாயுடுதான், ஆனால் உலகம் அவரை டாக்டர் குணம் என்றே அறியும். நாயுடு என்று தேடினால் அவரைத் தவறவிட்டுவிடுவோம்.

பெயரை வைத்துச் சாதியையும் மொழியையும் தீர்மானிப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் பட்டம் போடுவது மெல்ல மெல்லக் குறைந்து, இன்று நமக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம் என்றால் சாதியைச் சொல்லிக்கொள்வதாகவே படுகிறது. கடல் தாண்டிப் போனவர்களுக்கு அந்த மாற்றம் நடப்பதற்கு முன்பே அது பதிவேட்டில் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. அது மட்டுமில்லை, கப்பலிலும் தோட்டத்திலும் பலர் தங்கள் பழைய சாதியை உதறிவிட்டுப் புதுப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள். ஊரில் யாரைக் கண்டாலும் ஒதுங்கி நின்றவர், அங்கே பெயரைக் கேட்டபோது தலைநிமிர்ந்து ஒரு பட்டத்தைச் சொல்லியிருந்தால் அதில் குற்றம் என்ன? ஆகவே டர்பன்காரர் ஒருவரிடம் போய் "நீங்க எந்தப் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். பிள்ளை என்பவர் மலையாளியாகவும் இருக்கலாம். நாயுடுவோ ரெட்டியோ வீட்டில் தமிழ் பேசியவராகவோ தெலுங்கு பேசியவராகவோ இருக்கலாம்.

ஊர்ப் பெயர்கள்

பட்டியலில் "மெட்ராஸ்" என்று இருந்தால் சொந்த ஊர் சென்னை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம். ஜில்லா, கிராமம் என்ற இடங்களைப் பாருங்கள். அடிக்கடி வருவது வட ஆர்க்காடு. அந்தக் காலத்து வட ஆர்க்காடு இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பகுதிகளையும், 1911இல் பிரிந்த சித்தூரின் பகுதிகளையும் சேர்த்தது. வேலூரில் மட்டும் தேடினால் ஆந்திராவில் இருக்கும் ஊர் எப்படிக் கிடைக்கும்? கிராமப் பெயரும் காதால் கேட்டு எழுதியதுதான், அதனால் பழைய தாலுகா வரைபடத்தோடு வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஊரும் ஏமாற்றும். தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தவர் இல்லை, ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயுற்று வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் ஜோகன்னஸ்பர்கிலேயே இறந்தார். பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். தில்லையாடி குடும்பத்தின் பூர்வீக ஊர். அந்நாளைய தென்னாப்பிரிக்கப் பதிவுகளில் அவரைத் தேடுபவர்கள் அப்பா முனுசாமி முதலியாரின் பெயரோடு சேர்த்துத்தான் தேட வேண்டும்.

டர்பன் தெருப் பெயர்கள் வேறு வகை. இன்றைய மான்டி நாயக்கர் சாலை முன்பு பைன் ஸ்ட்ரீட். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த டாக்டர் நாயக்கர் நினைவாகப் பிற்காலத்தில் வைத்த பெயர் அது, நாயக்கர் குடும்பங்கள் குடியிருந்த இடம் என்று அர்த்தமில்லை. இந்தியர்களின் கடைவீதியாக இருந்த கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட். பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் குணம் ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. தாத்தாவின் பழைய கடிதத்தில் உள்ள முகவரியை இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், தெருவின் புதுப் பெயரைப் பிடியுங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. உறவு கிடைத்துவிட்டது, ஆவணங்களை வரிசைப்படுத்துகிறீர்கள், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கவும் நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆசைப்பட்டுப் பெயர்களை "சரியான" எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிவிடாதீர்கள். தாத்தாவின் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அப்பாவின் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, இரண்டும் ஒரே குடும்பம் என்பதைக் காட்டும் திருமணப் பதிவையோ பிறப்புப் பதிவையோ இடையில் வையுங்கள். தேவைப்பட்டால் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்துக்கொள்ளலாம். குடும்ப மரம் வரையும்போதும் இதே முறைதான். ஆளுக்கொரு வரி ஒதுக்கி, எந்த ஆண்டு, எந்த ஆவணத்தில், எந்த எழுத்துக்கூட்டல் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அடுத்து தேட வருகிறவர் எந்த வடிவத்தில் தட்டினாலும் அந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்.