பலமா நுட்பமா: ஜப்பானிய ரெஸ்லிங் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஜப்பானிய ரெஸ்லிங் பக்கம் புதிதாக வரும் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது, 1990 ஜூன் 8 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் நடந்த ஆட்டத்தைத்தான். ஒரு பக்கம் ஆறடி ஐந்து அங்குல ஜம்போ ட்சுருதா. எதிரே மித்சுஹாரு மிசாவா. அதுவரை 'டைகர் மாஸ்க்' என்ற முகமூடி வேடத்தில் ஆடிவிட்டு, அந்த முகமூடியைக் கழற்றி ஒரு மாதம்கூட ஆகாதவர்.

பார்த்தவுடனே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெரியவர் வெறும் பலசாலி, சின்னவர்தான் நுட்பக்காரர் என்று முத்திரை குத்திவிடுவார்கள். ட்சுருதா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் ஜப்பானுக்காக இறங்கியவர். அவருடைய பேக் டிராப்பை, அதாவது எதிராளியைத் தூக்கிப் பின்பக்கமாக வீசும் பிடியை, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எதிராளியின் அக்குளுக்குள் தலையை நுழைத்து, இடுப்பை வளைத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி எழும்பி, அப்படியே பின்னால் சாய்கிறார். கைப்பலத்தால் மட்டும் வருகிற வேலை இல்லை அது. அதேபோல மிசாவாவின் முழங்கை அடியும் லேசுப்பட்டது அல்ல. தாடையில் ஒன்று விழுந்தால் ட்சுருதாவே தள்ளாடுகிறார்.

'முடிவை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்களே, இதில் என்ன இருக்கிறது' என்பது இன்னொன்று. ஆமாம், பேசித்தான் வைக்கிறார்கள். தெருக்கூத்து பார்க்கப் போகிறவருக்கும் கர்ணன் சாவான் என்று தெரியும், ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாரே. எப்படிச் சாகிறான் என்பதுதானே விஷயம்.

பட்டத்துக்கான ஆட்டம் இல்லை என்று தள்ளிவிடவும் வேண்டாம். அன்று இவர்கள் நடுவில் எந்தப் பட்டமும் இல்லை. ஆனாலும் அரங்கம் மிசாவா பெயரைச் சொல்லிக் கத்துகிறது.

அப்புறம், அவசரப்பட்டுக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஓட்டிவிடாதீர்கள். சுமார் 24 நிமிட ஆட்டம் இது. தொடக்கத்தில் ட்சுருதா இளையவரை மதிக்காமல் நிற்பதையும், போகப்போக அவர் முகத்தில் கோபம் ஏறுவதையும் பார்க்காதவருக்கு முடிவு வெறும் சறுக்கலாகத்தான் தெரியும். கடைசியில் அந்தப் பேக் டிராப்புக்கே போகிறார் ட்சுருதா. மிசாவா முரண்டு பிடிக்கவில்லை. மேலே போகும்போதே உடம்பைத் திருப்பி, பெரியவரின் வேகத்தோடு சேர்ந்து அவர் மார்பின் மேலேயே விழுகிறார். கடைசியில் ட்சுருதாவின் தோள்கள் தரையில் அழுந்தியிருக்க, நடுவர் மூன்று எண்ணி முடிக்கிறார்; ஜெயித்தவர் மிசாவா. தூக்கியவரின் பலமே தூக்கியவரைக் கீழே போட்டுவிட்டது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும்.

நுட்பம் பலத்தை வென்றுவிட்டது, கதை முடிந்தது என்று அத்தோடு நிறுத்துவதும் தவறுதான். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று அதே புடோகானில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஜெயித்தவர் ட்சுருதா. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.