நடவு வயலில் எலிக்காய்ச்சல் வராமல் காத்துக்கொள்ளும் முறை

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களில் காவிரி டெல்டா வயல்கள் மாதக்கணக்கில் நீரிலேயே கிடக்கும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரி எலியின் சிறுநீரிலும், மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, காலின் சிராய்ப்பு, வெடிப்பு, நெடுநேரம் ஊறிய தோல், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் வழியே உடலுக்குள் நுழைகிறது. முதன்முறையாக நடவுக்கு இறங்குபவரும், முதன்முறையாக ஆள் வைத்து வேலை வாங்குபவரும் பின்வரும் படிகளை அறிந்திருக்க வேண்டும்.

படி 1: முந்தைய நாள் மாலையே பாதங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு, நகக்கண்ணில் காயம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காலையில் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவது நம் பகுதியில் வெகுநாள் வழக்கம். ஆயினும் அவற்றை நம்பித் திறந்த புண்ணோடு சேற்றில் இறங்கக் கூடாது. ஆழமான காயம் உள்ளவருக்கு அன்று கரையிலிருந்து செய்யும் வேலையைக் கொடுத்து, கூலியைக் குறைக்காமல் இருப்பது நிலக்காரரின் கடமை என்றே நான் கருதுகிறேன். கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் புண்ணை வெளியே சொல்ல மாட்டார்கள்.

படி 2: வாய்க்கால் தூர்வாரவும் வரப்பு வெட்டவும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். உழுது கலக்கிய நடவுச் சேற்றில் பூட்ஸ் புதைந்துவிடும் என்பதால், அங்கே முதற்படியும் நான்காம் படியுமே உண்மையான பாதுகாப்பு. குறுவை அறுத்த தாள் மக்காமல் கிடக்கும் தாளடி வயலில் பாதம் கிழிபடுவது எளிது. அங்கே கூடுதல் கவனம் தேவை.

படி 3: சோற்றுத் தூக்கை மூடி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். வாய்க்கால் நீரைக் குடிக்கவோ, அதில் வாய் கொப்பளிக்கவோ வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

படி 4: பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான். வேலை முடிந்ததும் அதே வாய்க்காலில் கால் அலம்பிவிட்டு வீடு திரும்புவது பயன் தராது, ஏனெனில் அந்த நீரிலும் கிருமி இருக்கலாம். வரப்போரத்தில் ஒரு டிரம் நல்ல நீரும் சோப்பும் வைத்து, சாப்பிடும் முன் கைகளையும், கரையேறியதும் முழங்கால்வரையும் தேய்த்துக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்த வேண்டும். பம்புசெட் அருகில் இருந்தால் அதன் நீரே போதும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதை நிலக்காரரே ஏற்க வேண்டும்.

படி 5: வரப்பை ஒடுக்கமாக வெட்டிப் புல்லை நீக்கினால் எலி வளை தோண்ட இடம் குறையும். மூங்கிலால் செய்த தஞ்சாவூர் கிட்டியை வைக்கலாம். அதில் சிக்கிய எலியை வெறுங்கையால் தொடாமல் புதைத்துவிடுங்கள்.

படி 6: வெள்ளம் வடிந்த வயலிலோ, ஊரில் ஒருவருக்கு நோய் கண்ட பின்னரோ வேலை செய்ய நேர்ந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுக்கும் முறை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பொருந்தாது என்பதால், மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி உண்ணாதீர்கள்.

படி 7: வயலில் இறங்கிய பின் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், சில வேளை 30 நாட்கள் வரையிலும், நோய் வெளிப்படலாம். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். உடல் அலுப்பு என்று எண்ணி வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. சில வலி மாத்திரைகள் இந்நோயால் ஏற்கெனவே தாக்குண்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே "நடவு வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணமாகும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.