நிலவறையில் தங்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் பினாங்கு பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் ஒன்றில், தம்பி ஒருவர் கட்டியிருக்கும் நிலவறையைப் பார்க்கப் போனேன். அரிசி, மீ, சார்டின் டின் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தார். மூலையில் இருபது செடித் தொட்டிகள், மேலே விளக்கு. "காத்துக்கு இதுதாண்ணே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான்.

செடியை நம்பிக் கதவை அடைப்பது

என் அறை 30 கன மீட்டர். செடி, மண், விளக்கு என்று 3,000 ரிங்கிட்டுக்கு மேல் கொட்டினேன். முதல் ராத்திரி மச்சான்மார் மூவரும் நானும் படுத்தோம். நடுச்சாமம் தாண்டியதும் தலை இடித்தது, மேல்மூச்சு வாங்கியது. மெழுகுவர்த்தி நன்றாக எரிகிறதே, காற்றுக்குக் குறைவில்லை என்று நான்தான் இன்னும் இரண்டு மணி நேரம் எல்லோரையும் படுக்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மூடிய அறையில் பிராணவாயு தீருமுன்பே கரியமில வாயு சேர்ந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவரே மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் விடுகிறார். நாலு பேருக்கு என் அறையில் நாலு மணி நேரத்தில் அது 1 சதவீதம், எட்டு மணி நேரத்தில் 2. எங்களுக்குத் தலை இடித்தது அதனால்தான். மெழுகுவர்த்தியோ, பிராணவாயு 16 சதவீதத்துக்கு இறங்கும்வரை எரிந்துகொண்டிருக்கும்.

செடியா? அரிசோனாவில் 1991-ல், பயோஸ்பியர் 2 என்ற மூன்று ஏக்கர் கண்ணாடிக் கூடத்துக்குள் 8 பேர் போய் அடைந்தார்கள். உள்ளே காடு, வயல், மேலே வெயில். அப்படியும் 16 மாதத்தில் பிராணவாயு 20.9 சதவீதத்திலிருந்து 14.5-க்கு இறங்கியது, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. உரம் ஏறிய மண்ணின் நுண்ணுயிர்களே அவ்வளவையும் இழுத்துவிட்டன. நாம் தொட்டியில் நிரப்புவதும் அதே மாதிரி மண்தான். விளக்கை அணைத்தால் செடியும் கரியமில வாயுவைத்தான் விடும்.

இரண்டு குழாய் வையுங்கள்: தரையோரம் ஒன்று, கூரையோரம் ஒன்று. கரண்ட் போனால் கையால் சுற்றுகிற காற்றூதி ஒன்று. கரியமில வாயு மீட்டர் தலைமாட்டில் இருக்கட்டும்.

ஜெனரேட்டரை உள்ளே ஓட்டுவது

கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது.

பழைய கப்பல் சரக்குக் கன்டெய்னரைப் புதைப்பது

அதன் பலம் நாலு மூலைத் தூண்களில் இருக்கிறது. பக்கச் சுவர் மண்ணின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. அப்புறம், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் காலி கன்டெய்னர் மிதந்து மேலே வரப் பார்க்கும்.

ஒரே வாசல்

மலைச்சரிவில் மண் சரிந்தால் அது அடைபடும். இரண்டு வையுங்கள்.