பழைய படங்களை போனில் பிடித்து மூன்று இடத்தில் வையுங்கள்

வன்னியில் அல்பம் உள்ள வீடுகள் குறைவு. 2008, 2009 இடப்பெயர்வில் ஊர் ஊராக விட்டுவிட்டுப் போனபோது அரிசியும் அடையாள அட்டையும்தான் கையில் வந்தன, அல்பங்கள் எங்கெங்கோ பங்கருக்குள் கிடந்து போயின. அதனால் தப்பி வந்த ஒன்றிரண்டு படங்களையும் பிரதி எடுக்காமல் வைத்திருப்பதைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஸ்கேனர் வேண்டாம். ஒரு போன், ஒரு பழைய லப்டொப், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

மல்லாவியில் பெரியம்மாவிடம் இருப்பது ஒரே ஒரு படம், சொப்பிங் பையில் நாலு சுற்றுச் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நான்கு பேர், பெரியப்பாவின் கையில் கச்சான் சரை. ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது. அதை எப்படிப் பிடித்தேன் என்றே சொல்கிறேன்.

விறாந்தையில் வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் படத்தை வைத்தேன். போனின் லென்ஸை பருத்தித் துணியால் துடைத்து, பிளாஷை நிறுத்தி, படத்துக்கு நேர் மேலே தட்டையாகப் பிடித்தேன், சரிந்தால் நாலு மூலையும் கோணலாக வரும். உங்கள் நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். அழுக்கு இருந்தால் ஈரத்துணி போட வேண்டாம், மேல்பூச்சு கையோடு வந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே பிடியுங்கள். பின்பக்கத்தையும் மறக்காதீர்கள்: இந்தப் படத்தின் பின்னால் பென்சிலில் ‘1987’ என்று இருந்தது, அதுவரைக்கும் எங்களுக்கு வருடமே தெரியாது.

அப்புறம் லப்டொப்புக்கு மாற்ற வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டொக்கியூமன்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேபிள்தான் எனக்குப் பிடித்தது. குத்தியதும் போன் சார்ஜ் மட்டும் ஆகிறதென்றால் மேலிருந்து திரையை இழுத்து ‘பைல் ட்ரான்ஸ்பர்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள், அப்படியும் வராவிட்டால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம், வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

பெயர் வைப்பதில்தான் பலரும் சோம்பல் படுகிறார்கள். விண்டோஸில் படத்தைத் தெரிவு செய்து எஃப்2 அழுத்தினால் பெயரை மாற்றலாம், மாற்றியதும் டாப் அழுத்தினால் அடுத்த படத்தின் பெயருக்குப் போய்விடும், ஐம்பது படத்துக்கும் மவுஸைத் தொடத் தேவையில்லை. ‘1987-முறிகண்டி-பெரியப்பா’ என்பதுபோல வருடத்தை முன்னால் போட்டால் படங்கள் தாமாகவே வருட ஒழுங்கில் நிற்கும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் பெயர் முழுக்கப் புரியாத இங்கிலீஷ் எழுத்தாகவே நிற்கும்.

சரி, எங்கே வைப்பது? ஒன்று லப்டொப். இரண்டாவது ஒரு பென்ட்ரைவ் அல்லது ஹார்ட் டிரைவ், ஆனால் அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் இடி விழுந்தால், குத்தியபடியே கிடக்கிற டிரைவும் லப்டொப்போடு சேர்ந்து போகும், அதை இரண்டாவது பிரதி என்று கணக்கில் எடுக்க முடியாது. கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பைல் பழுதாகலாம், அதனால் முடிந்ததும் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள். மூன்றாவது கூகுள் கணக்கு. 15 ஜிபி இலவசம், உங்கள் மெயிலும் அதற்குள்தான் அடங்கும். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கை அவர்கள் அழிக்கக்கூடும், ஆகவே தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் ஒருதரம் உள்ளே போய்ப் பாருங்கள்.

படத்தைப் போனில் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். “இது கொப்பற்ற கூட்டாளி, மாங்குளத்தில சைக்கிள் கடை வைச்சிருந்தவர்” என்றார். அவர் சொல்லச் சொல்ல நோட்பாடில் தட்டி அதே போல்டரில் போட்டேன். நான்காவது ஆளை அவருக்கும் தெரியவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டு, கனடாவில் உள்ள சித்தப்பாவுக்குப் படத்தை டொக்கியூமன்ட்டாக அனுப்பியிருக்கிறேன்.