தொழிற்புரட்சிக் காலத் தொழிலாளர் சாட்சியங்களை எப்படி வாசிப்பது?

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைக்கவில்லை. அவர்களுடைய சொற்கள் பெரும்பாலும் அரசு விசாரணை அறிக்கைகள் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. அந்த அறிக்கைகளிலிருந்து மனத்தை உலுக்கும் ஒரு வரியை மட்டும் மேற்கோளாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது, சாட்சி சொன்னவருக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். முழுச் சாட்சியத்தையும் பொறுமையாக வாசிக்க வேண்டும். அதற்குச் சில வழிமுறைகள் உண்டு.

கேள்வி கேட்டவர் யார் என்பதை முதலில் பாருங்கள். 1832இல் ஆலைச் சிறுவர்களின் உழைப்பை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் மைக்கேல் சாட்லர், பத்து மணி நேர வேலைச் சட்டத்துக்காகப் போராடியவர். அக்குழு ஒருதலைப்பட்சமானது என்று ஆலை முதலாளிகள் முறையிட்டதால், 1833இல் வேறோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சிறுவர்களும் பெரியவர்களுக்கு இணையான நேரம் உழைக்கிறார்கள் என்பதை அந்த ஆணையமும் ஒப்புக்கொண்டது. இப்படி எதிரெதிர்த் தரப்புகள் ஒத்துப்போகும் இடங்களை நம்பி ஊன்றி நிற்கலாம்.

அடுத்து, கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுக்கிறதா என்று கவனியுங்கள். லீட்ஸ் நகரின் ஆளிநூல் ஆலையில் ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்த எலிசபெத் பென்ட்லி என்ற பெண், 1832ஆம் ஆண்டுக் குழுவின் முன் சாட்சியளித்தார். இந்த உழைப்பால் உடல் கோணிப்போயிருக்கிறது அல்லவா என்று கேட்கப்பட்டபோது அவர் ஆம் என்கிறார். அந்த ‘ஆம்’ உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொற்கள் கேட்டவருடையவை. அதே பென்ட்லி தன் வேலையை விளக்கும் இடத்துக்கு வாருங்கள்: நூற்பு எந்திரம் நிறைந்ததும் அதை நிறுத்த வேண்டும், நூல் சுற்றிய கட்டைகளைக் கழற்றிச் சுமந்து செல்ல வேண்டும், வெறுங்கட்டைகளை மாட்டி மறுபடி ஓடவிட வேண்டும். உண்ண முடியாமல் மிச்சம் வைத்த உணவை மேற்பார்வையாளர் எடுத்துப் பன்றிகளுக்குப் போட்டார் என்றும் சொல்கிறார். அனுபவித்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய இத்தகைய விவரங்கள்தாம் சாட்சியத்தின் உயிர். அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கங்களில் சிறுவர் உழைப்பைப் பற்றி 1842இல் வெளியான அரசு அறிக்கையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அங்கே கேள்விகள் நீக்கப்பட்டு, பதில்கள் மட்டும் தன்மைக் கூற்றாகக் கோக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் யார்க்ஷயரிலுள்ள காபர் நிலக்கரிச் சுரங்கத்தில் காற்றோட்டக் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருந்த எட்டு வயதுச் சாரா கூடர், களைப்பாக இல்லை, ஆனால் விளக்கின்றி இருப்பதால் பயமாக இருக்கிறது என்கிறாள். வெளிச்சம் இருந்தால் சில நேரம் பாடுவேன், இருட்டில் பாடத் துணிவதில்லை என்றும் கூறுகிறாள். களைப்பைப் பற்றிய சொல் அதிகாரியின் கேள்விக்கான பதிலாக இருந்திருக்கக்கூடும். பாட்டைப் பற்றிய சொல்லோ அவளுடையதாகவே ஒலிக்கிறது. மறைந்துபோன கேள்வியை நாமே ஊகித்து எழுதிப் பார்ப்பது மிகப் பயனுள்ள பயிற்சி.

பிறகு கணக்குப் போடுங்கள். வேலை மும்முரமான காலத்தில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை, நண்பகலில் 40 நிமிட இடைவேளை என்கிறார் பென்ட்லி. அப்படியானால் உழைப்பு நேரம் மட்டும் 15 மணி 20 நிமிடம். கூலியையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். பருத்தி நூற்பாளர் ஒருவரின் கூலி பெரிதாகத் தெரிந்தாலும், அறுந்த இழையை ஒட்டும் சிறுவர்களுக்கு அவர்தாம் பெரும்பாலும் தம் கையிலிருந்து கொடுத்தார். அதன் மேல் அபராதங்கள். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள டில்டெஸ்லியில், 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் நிலவிய ஆலையில் சன்னலைத் திறந்தால் 1 ஷில்லிங் (அன்றைய பவுண்டில் இருபதில் ஒரு பங்கு), அழுக்காக இருந்தால் 1 ஷில்லிங், கழுவிக்கொண்டால் அதற்கும் 1 ஷில்லிங் என 1823ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று சொல்கிறது. நோயுற்றவர் மாற்று ஆள் தராவிட்டால், அவருடைய எந்திரத்தை ஓட்டாமல் வீணான நீராவிக்காக நாளொன்றுக்கு 6 ஷில்லிங் செலுத்த வேண்டும். இப்பட்டியலை வெளியிட்டவர்கள் நூற்பாளர்களே என்பதையும் மறவாமல் பதிவுசெய்யுங்கள்.

சராசரிகளிடம் எச்சரிக்கை தேவை. மான்செஸ்டரில் உயர்குடியினரின் சராசரி இறப்பு வயது 38, உழைப்பாளர் குடும்பங்களுக்கு 17 என்று பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் 1842ஆம் ஆண்டுச் சுகாதார அறிக்கை கூறுகிறது. தொழிலாளர்கள் 17 வயதில் மடிந்தார்கள் என்பது இதன் பொருளன்று. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளின் பெருந்தொகையே சராசரியை இவ்வளவு கீழே இழுத்தது. ஒரே நகரில் வர்க்கத்துக்கு வர்க்கம் இருந்த இடைவெளியைத்தான் இந்த எண்களில் காண வேண்டும்.

சட்டம் வந்துவிட்டதாலேயே நிலைமை மாறியதாக எழுதிவிடாதீர்கள். 1833ஆம் ஆண்டு ஆலைச் சட்டம், பட்டாலைகள் நீங்கலாக மற்ற நெசவு, நூற்பு ஆலைகளில் 9 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 13 வயதுக்கு உட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என வரம்பிட்டது. ஆனால் நாடு முழுமைக்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நால்வர் மட்டுமே. இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியது என்பதால், குழந்தையின் தோற்றத்தையும் உடல் வலுவையும் பார்த்தே மருத்துவர் வயதுச் சான்று அளித்தார். ஆகவே அந்த ஆண்டுகளின் ஆவணத்தில் 9 வயது என்று கண்டால், அந்த வயதைச் சொன்னது பெற்றோரா, மருத்துவரா, ஆலை நிர்வாகமா என்று விசாரித்த பின்னரே உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.